கங்கைக்கு ஏன் தாடி? ரோமின் நான்கு நதிகள் நீரூற்று பற்றி

ரோமுக்குச் சுற்றுலா போய்வந்த ஒருவரின் கேள்வி இது: "பியாட்சா நவோனா சதுக்கத்து நீரூற்றில் ஒரு சிலை முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருக்கிறது. எதிரே இருக்கும் தேவாலயம் சிற்பியின் போட்டிக்காரர் கட்டியது, அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இப்படிச் செய்தார் என்று வழிகாட்டி சொன்னார். உண்மைதானா? அப்புறம், கங்கை என்று ஒரு தாடிக்காரரைக் காட்டினார். நம் கங்கை பெண் தெய்வமாயிற்றே?"

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. உண்மையில்லை. நீரூற்று திறக்கப்பட்டது 1651 ஜூன் மாதம். எதிரே உள்ள சாந்தாக்னேசே தேவாலயத்துக்கு அடிக்கல் விழுந்தது 1652இல். அதிலும் முதலில் வேலையை எடுத்தவர்கள் ரைனால்டி என்ற தந்தையும் மகனும். போட்டிக்காரரான பிரான்செஸ்கோ பொரொமினி 1653இல்தான் உள்ளே வருகிறார். இல்லாத கட்டடத்தைப் பார்த்து ஒரு சிலை எப்படி முகம் சுளிக்கும்? பக்கத்தில் தென் அமெரிக்க நதியின் சிலை கையைத் தூக்கிக்கொண்டிருப்பதற்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. தேவாலயம் தன் தலையில் விழுந்துவிடும் என்று பயப்படுகிறதாம். அதற்கும் ஆயுள் இவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கதை எங்கிருந்து முளைத்தது என்று பார்த்தால், சிற்பி ஜான் லொரென்சோ பெர்னினிக்கும் பொரொமினிக்கும் இருந்த பகை நிஜம். அதில் வயிறு எரிய நியாயமான காரணம் இருந்தவர் பொரொமினிதான். வழிகாட்டிகள் கதையைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

1644இல் போப் எட்டாம் உர்பன் இறந்தார். அவர் காலத்தில் ரோமில் பெர்னினி வைத்ததுதான் சட்டம். அடுத்து வந்த போப் பத்தாம் இன்னொசென்ட் பாம்பிலி குடும்பத்தவர். முந்தைய போப்பின் குடும்பத்தையும் அவர்களுடைய ஆட்களையும் அவருக்கு ஆகாது. பெர்னினிக்கு அந்த நேரம் பார்த்து இன்னொரு அடியும் விழுந்தது. புனித பேதுரு பேராலயத்தின் முகப்பில் அவர் எழுப்பிய மணிக்கோபுரத்தால் விரிசல் விட்டது என்று விசாரணை நடந்து, 1646இல் கோபுரத்தை இடிக்க உத்தரவானது. அந்த விசாரணையில் அவரைக் கடுமையாக விமர்சித்தவர்களில் பொரொமினியும் ஒருவர். ஊரறிந்த அவமானம். பெர்னினிக்கு அப்போது வயது நாற்பத்தேழு. அவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

புதிய போப்பின் குடும்ப மாளிகை நவோனா சதுக்கத்தில் இருந்தது. இந்தச் சதுக்கம் ஏன் இவ்வளவு நீளமாக, ஒரு முனையில் வளைவாக இருக்கிறது என்று கேட்டால், இது ஒரு விளையாட்டரங்கத்தின் தடம். கி.பி. முதல் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் ஓட்டப் பந்தயங்களுக்காகக் கட்டிய அரங்கம் அது. அதன் இருக்கைகள் இருந்த இடத்தின் மேல் பின்னால் வந்தவர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள், நடுவில் இருந்த ஓடுதளம் அப்படியே திறந்தவெளியாகத் தங்கிவிட்டது. 1477 முதல் நகரின் சந்தையும் இங்கேதான் கூடியது. சதுக்கத்தின் இரு முனைகளிலும் 1570களில் ஜாக்கமோ தெல்லா போர்த்தா அமைத்த நீரூற்றுகள் இருந்தன. நடுவில்? குதிரைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. போப்பின் வீட்டு வாசலுக்கு எதிரே குதிரைத் தொட்டி என்றால் நன்றாகவா இருக்கும்?

அதனால் இன்னொசென்ட் சதுக்கத்துக்கு அதிகத் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பைப் பொரொமினியிடம் கொடுத்தார். நடுவில் ஓர் எகிப்திய ஒபிலிஸ்க்கை, அதாவது ஒரே கல்லில் செதுக்கிய கூர்முனைத் தூணை, நிறுத்தி அதன் அடியில் உலகின் நான்கு பெரிய நதிகளைக் காட்டலாம் என்ற யோசனையே பொரொமினியுடையது என்று வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவர் வரைந்தது அடக்கமான ஒரு திட்டம். வேலையும் அவருக்கே வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

இந்த இடத்தில் பெர்னினி உள்ளே நுழைந்த விதம் பற்றி, அவர் இறந்தபின் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் இருக்கிறது. போப்பின் உறவினரான இளவரசர் நிக்கோலோ லுடோவிசி பெர்னினியிடம் ஒரு மாதிரி செய்து தரச் சொல்லி, போப் சாப்பிட்டுவிட்டு நடந்துபோகும் அறையில் அதை வைத்துவிட்டாராம். மாதிரியை வெள்ளியில் செய்து போப்பின் அண்ணி ஒலிம்பியா மைடால்கினிக்குக் கொடுத்தார் என்று சொல்பவர்களும் உண்டு. போப்பின் அரண்மனையில் அந்த அம்மாள் வார்த்தைக்கு இருந்த மதிப்பு ரோம் முழுக்கத் தெரியும். அவரைத் தாண்டி எந்தக் காரியமும் நகராது. எப்படியோ, போப் அதன் முன்னால் அரை மணி நேரம் நின்று பார்த்தாராம். "பெர்னினியின் வேலையை வேண்டாம் என்பவர்கள் அதைக் கண்ணால் பார்க்காமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் வழி" என்றாராம். பெர்னினியின் ஆட்கள் எழுதிய வாழ்க்கை வரலாறு என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனால் முடிவில் சந்தேகமில்லை. வேலை பெர்னினிக்குப் போனது. தண்ணீர்க் குழாய் போட்டவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர்.

அந்தத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீரூற்றின் அமைப்பைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி என்பது என் எண்ணம். நவோனாவுக்கு வரும் நீர் அக்வா வெர்ஜினே என்ற கால்வாயில் வருகிறது. கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டியது. ஊருக்குக் கிழக்கே உள்ள ஊற்றுகளிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலேயே ஓடிவருகிறது. இவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் ஏறத்தாழ 4 மீட்டர்தான். மோட்டார் இல்லாத காலம். நீர் எந்த உயரத்திலிருந்து வருகிறதோ அந்த உயரத்துக்கு மேல் எழாது. ஆகவே இந்தக் கால்வாய் நீரை வைத்து வானத்துக்குப் பீச்சியடிக்கிற ஊற்று எதையும் செய்ய முடியாது.

பெர்னினிக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். அவருடைய அப்பா பியெத்ரோ இதே கால்வாயின் கட்டடக் கலைஞராக இருந்தவர். ஸ்பானியப் படிக்கட்டுகளுக்குக் கீழே பாதி மூழ்கிய படகு போல ஒரு நீரூற்று இருக்கிறதே, 1629இல் முடிந்த அந்த வேலை அப்பாவும் மகனும் சேர்ந்து செய்தது என்பார்கள். அங்கேயும் அழுத்தம் போதவில்லை, அதனால் படகையே தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். நவோனாவில் அவர் வேறு வழி பிடித்தார். தண்ணீர் உயரப் போகாதா, சரி, கல் போகட்டும். நீரைப் பாறை இடுக்குகளிலிருந்து கசியவும் வழியவும் விட்டு, பார்ப்பவர் கண்ணை மேலே இழுக்கும் வேலையை ஒபிலிஸ்க்குக்குக் கொடுத்தார். தூண் மட்டும் 16 மீட்டருக்கு மேல், பீடத்தோடு சேர்த்தால் சுமார் 30 மீட்டர்.

அந்தத் தூணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஒன்றுமில்லை. டிராவர்டைன் கல்லில் செய்த பாறை உள்ளே குடைவாக இருக்கிறது, நான்கு பக்கமும் திறப்பு. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் நடந்துபோகிறவர்களின் கால்கள் தெரியும். தூணின் பாரம் முழுவதும் நான்கு மூலைகள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. அன்றைய ரோமானியர்கள் இதைப் பார்த்து மிரண்டுபோனார்கள். மணிக்கோபுரத்தில் கோட்டைவிட்ட ஆள்தானே இவர்! ஒரு புயல் நாளில் தூண் சாயப்போகிறது என்று கூட்டம் கூடியதாம். பெர்னினி வண்டியில் வந்து இறங்கி, நிதானமாக ஆராய்ந்து, தூணிலிருந்து பக்கத்து வீடுகளுக்கு மெல்லிய கயிறு நான்கைக் கட்டிவிட்டு, இனி பயமில்லை என்பதுபோலச் சிரித்துக்கொண்டே போனாராம். இதுவும் வாய்வழிக் கதைதான். ஆனால் பொறாமைக் கதையைவிட எனக்கு இது பிடிக்கும். கோபுர இடிப்புக்குப் பிறகு ஐந்தே ஆண்டில், எடை தாங்குமா என்று ஊரே சந்தேகப்பட்ட ஆள், வேண்டுமென்றே வெற்றிடத்தின் மேல் தூணை நிறுத்தியிருக்கிறார். அந்தத் திமிர் கதையிலும் இருக்கிறது, கல்லிலும் இருக்கிறது.

இனி நதிகளுக்கு வருவோம். நான்கு ஆட்களையும் பெர்னினியே செதுக்கவில்லை. வடிவம் அவருடையது, உளி பிடித்தவர்கள் நான்கு பேர். ஐரோப்பாவுக்கு டானூப், செய்தவர் அந்தோனியோ ராஜ்ஜி. ஆப்பிரிக்காவுக்கு நைல், ஜாக்கமோ அந்தோனியோ பான்செல்லி. அமெரிக்காவுக்கு ரியோ தெ லா பிளாட்டா, பிரான்செஸ்கோ பராத்தா. ஆசியாவுக்குக் கங்கை, கிளோத் பூசான் என்ற பிரெஞ்சுச் சிற்பி. (ஓவியர் நிக்கோலா பூசான் வேறு ஆள்.) நான்கு கண்டம்தானா என்றால், அன்று ஐரோப்பியர்கள் கணக்கில் அவ்வளவுதான்.

கேள்வியில் வந்த முகம் மூடிய சிலை நைல்தான். அது ஏன் மூடியிருக்கிறது என்பதற்கு இப்போது பதில் எளிது. அந்த நதி எங்கே பிறக்கிறது என்று அன்று ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. நைலின் தலையை யாரும் கண்டதில்லை என்பது பழைய ரோமானியக் கவிஞர்கள் காலத்துப் பேச்சு. தலை தெரியாத நதிக்குத் தலையை மூடிவிட்டார்கள். விக்டோரியா ஏரிக் கரையில் ஓர் ஐரோப்பியர் போய் நின்றது 1858இல், நீரூற்று திறந்து இருநூறு ஆண்டு கழித்து.

பிளாட்டாவின் பக்கத்தில் நாணயங்கள் சிந்திக் கிடக்கும். பெயரிலேயே வெள்ளி இருக்கிற நதி, அமெரிக்காவின் செல்வத்துக்கு அது அடையாளம். அமேசானை விட்டுவிட்டு இதைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதன் அருகே முதலையும் பன்றியும் கலந்த மாதிரி கவசம் போட்ட ஒரு பிராணி தண்ணீரிலிருந்து எட்டிப்பார்க்கிறது. தென் அமெரிக்காவின் ஆர்மடில்லோவாம். உயிரோடு அதைப் பார்க்காதவர்கள் கேள்வி ஞானத்தில் செய்தது என்று பார்த்ததுமே தெரியும். எதிரில் உள்ள பாம்பிலி மாளிகை இப்போது பிரேசில் நாட்டுத் தூதரகம் என்பது தற்செயல்தான் என்றாலும், பிளாட்டாவுக்கு வந்து சேரும் நீரில் ஒரு பங்கு பிரேசிலில் பிறப்பது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

கங்கை? கையில் நீண்ட துடுப்பு, முகத்தில் அடர்ந்த தாடி, அலட்சியமாகச் சாய்ந்த உட்காரல். துடுப்புக்குக் காரணம், கங்கை நெடுந்தூரம் படகு போகக்கூடிய நதி என்ற செய்தி ஐரோப்பாவில் தெரிந்திருந்தது. தாடிக்குக் காரணம் ரோமாபுரி வழக்கம். கிரேக்க, ரோமானிய மரபில் நதிகள் ஆண் தெய்வங்கள். ரோமின் சொந்த நதியான திபேர் உட்பட எல்லாம் தாடி வைத்த, தசை திரண்ட, சாய்ந்து படுத்திருக்கும் ஆண்கள்தான். நம் கோயில் வாசல்களில் மகரத்தின் மேல் நிற்கும் கங்கையை அந்தச் சிற்பி கண்டதே இல்லை. தெரிந்த அச்சில் தெரியாத நதியை வார்த்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தச் சிலை உருவான அதே ஆண்டுகளில், ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி தமிழ்நாட்டில் இருக்கிறார். 1606இல் மதுரைக்கு வந்து, தமிழும் வடமொழியும் படித்து, காவி கட்டி, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டவர். அவருடைய முறைகள் சரியா தவறா என்று ரோமில் பெரிய வழக்கே நடந்து, 1623இல் அன்றைய போப் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். ஆக, இந்தியாவைப் பற்றிய கடிதங்களுக்கு ரோமில் பஞ்சமில்லை. கேட்டிருந்தால் கங்கை பெண் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பெர்னினிக்கு அது தேவைப்படவில்லை. நான்கு கண்டமும் போப்பின் குடைக்குக் கீழே என்று காட்ட நான்கு ஆண்கள் போதும். தூணின் உச்சியில் சிலுவை இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பது ஆலிவ் இலையைக் கவ்விய வெண்கலப் புறா, பாம்பிலி குடும்பத்தின் சின்னம்.

என்னைக் கேட்டால் ஆட்களைவிட மிருகங்கள்தான் அழகு. நைலின் பக்கம் ஒரு சிங்கம் குகைக்குள்ளிருந்து வந்து தண்ணீர் குடிக்கக் குனிகிறது. முன்பாதி ஒரு பக்கம் தெரியும், பின்பாதியைப் பார்க்க நீங்கள் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போக வேண்டும். குதிரையும் அப்படித்தான், பாறைக்குள் புகுந்து வெளியே பாய்கிறது. மேலே காற்றில் வளைந்து நிற்கும் பனை ஒன்று. இந்தப் பாறை, பனை, சிங்கம், குதிரை இவற்றில் பெர்னினியே உளி எடுத்து வேலை செய்தார் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. தொட்டியில் நீந்தும் மீனையும் விட்டுவிடாதீர்கள். அது விழுங்குகிற மாதிரி வாயைப் பிளந்திருப்பது சும்மா இல்லை, மிஞ்சிய நீர் வெளியேறும் வழி அது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை கசக்கிறது. செலவு சுமார் 29,000 ஸ்கூடி (அன்றைய ரோம் நாணயம்) என்பார்கள். 1640களின் பிற்பாதியில் விளைச்சல் பொய்த்து ரோமில் ரொட்டிக்குத் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் ரொட்டி உட்பட அன்றாடப் பொருள்களின் மேல் வரி போட்டு நீரூற்றுக்குப் பணம் திரட்டினார் போப். 1648இல் ஒபிலிஸ்க்கின் துண்டுகளை ஊருக்குள் இழுத்துவந்து போட்டபோது இரவோடு இரவாக அவற்றின் மேல் சீட்டுகள் ஒட்டப்பட்டன. "எங்களுக்குத் தூணும் வேண்டாம், ஊற்றும் வேண்டாம். ரொட்டி வேண்டும், ரொட்டி, ரொட்டி, ரொட்டி!" இன்னொரு சீட்டில் "இந்தக் கற்கள் அப்பங்கள் ஆகும்படி சொல்லும்" என்று எழுதியிருந்ததாம். பைபிளில் அது பாலைவனத்தில் சாத்தான் இயேசுவிடம் சொல்லும் வரி. போப்பைப் பார்த்து அதை எழுத அன்றைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சதுக்கத்துக்குப் பக்கத்தில் பஸ்குவினோ என்ற மூக்குடைந்த பழைய சிலை நிற்கிறது. அரசைக் கிண்டல் செய்யும் பாட்டும் வசனமும் எழுதி அதன்மேல் ஒட்டுவது ரோமானியர்களின் நூற்றாண்டு கண்ட பழக்கம். இந்த எதிர்ப்பும் அதே சம்பிரதாயத்தில் வந்ததுதான்.

அந்த ஒபிலிஸ்க்கின் பூர்வீகமும் சுவாரஸ்யம். கல் எகிப்தின் அஸ்வானில் வெட்டிய சிவப்பு கிரானைட். எழுத்துகளோ எகிப்திய மன்னர்கள் காலத்தவை இல்லை. டொமிஷியன் தன் பெயரையும் தன் குடும்பத்தார் பெயரையும் எகிப்திய சித்திர எழுத்தில் பொறிக்கச் செய்தது. பிற்பாடு பேரரசர் மாக்சென்ஷியஸ் அதை ஊருக்கு வெளியே அப்பியன் சாலையோரம் தன் தேர்ப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோனார். அங்கே விழுந்து உடைந்து நூற்றாண்டுகளாகக் கிடந்தது. 1630களில் இங்கிலாந்துப் பிரபு அருண்டெல் முன்பணம் கொடுத்து வாங்கப் பார்த்தார், ஏற்றுமதிக்கு அனுமதி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இன்று லண்டனில் நின்றிருக்கும். டொமிஷியன் எழுதிவைத்த தூண், சுற்றிச் சுழன்று கடைசியில் டொமிஷியன் கட்டிய அரங்கத்தின் நடுவிலேயே வந்து நிற்கிறது. இன்னொசென்ட்டுக்கு அதெல்லாம் தெரியாது. எழுத்துகளைப் படித்துச் சொன்னவர் அத்தானாசியஸ் கிர்ச்சர் என்ற இயேசு சபை அறிஞர். பிரபஞ்ச ரகசியங்கள் அதில் இருப்பதாக 1650இல் பெரிய புத்தகமே போட்டார். அத்தனையும் கற்பனை. 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் சித்திர எழுத்தின் சூட்சுமத்தை உடைத்த பிறகுதான் அதில் இருப்பது ஓர் அரசரின் சுயபுராணம் என்று தெரிந்தது.

திறப்புக்குச் சில நாள் முன்பு போப் வேலையைப் பார்வையிட வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் எப்போது வரும் என்றார். கொஞ்ச நாளாகும் என்றார் பெர்னினி. போப் ஆசி கூறித் திரும்பி நடந்தார். வாசலைத் தாண்டும் முன் பின்னால் தண்ணீர் பாயும் சத்தம். பெர்னினி ரகசியமாகச் சைகை காட்டித் திறக்கச் சொல்லியிருந்தார். "என் ஆயுளில் பத்து வருடம் கூட்டிவிட்டாய்" என்றாராம் போப். பத்து கிடைக்கவில்லை, 1655 ஜனவரியில் இறந்தார். அவர் உடலை அடக்கம் செய்யச் சவப்பெட்டிக்குக்கூட ஒலிம்பியா அம்மாள் பணம் தரவில்லை என்பது ரோமில் இன்றும் சொல்லப்படும் பேச்சு.

ரொட்டி கேட்ட ஊருக்கும் கடைசியில் இந்தச் சதுக்கம் கொஞ்சம் சந்தோஷம் கொடுத்தது. 1652 முதல் ஆகஸ்ட் மாத வாரயிறுதிகளில் வடிகால்களை அடைத்து, நீரூற்றுகளின் நீரைச் சதுக்கத்திலேயே தேங்கவிட்டார்கள். வெயில் கொளுத்தும் மாதத்தில் முழங்கால் அளவு ஏரி. பிரபுக்கள் அதில் குதிரை வண்டி ஓட்டினார்கள், பிள்ளைகள் குதித்து விளையாடினார்கள். இடையில் சில காலம் நின்றாலும் 1866 வரை இந்தக் கொண்டாட்டம் நடந்தது. 1869இல் சந்தையும் பக்கத்து காம்போ தெ பியோரிக்கு இடம் மாறியது.

வடக்கு முனையில் நெப்டியூன் ஆக்டோபஸோடு மல்லுக்கட்டும் சிலைகளைப் பெர்னினி கணக்கில் எழுதிவிடாதீர்கள், பலர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். தொட்டிதான் பழையது, சிலைகள் 1878இல் வைத்தவை. தெற்கு முனையில் நடுவே நிற்கும் மூர் வீரன் மட்டும் பெர்னினி வடிவமைத்தது, 1650களில் சேர்ந்தது. நடு நீரூற்று பல முறை பழுது பார்க்கப்பட்டது. கடைசிப் பெரிய வேலை முடிந்து 2008 டிசம்பரில் சாரத்தைப் பிரித்தார்கள். 1997இல் சிலர் அதற்குள் இறங்கிக் கும்மாளம் போட்டதில் ஒரு கடல் பிராணியின் வால் முறிந்தது. இப்போது தொட்டியில் காலை நனைத்தாலே அபராதம் போடுவார்கள், அடுத்த முறை போகும்போது கவனம்.